கொஞ்சம் சோகமா இருக்கிற படம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு வருடமாக டிசைனராக இருக்கிறேன். பூப்பு நன்னீராட்டு விழா, காதணி விழா, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் சிஸ்டத்தில் ஒரே ஃபோல்டரில்தான் கிடக்கும். ஒரு மனிதன் தன்னை ஊர் எப்படிப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறான் என்பது அவன் பெண்டாட்டிக்குத் தெரிவதைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மீசையைக் கறுப்பாக்கு, தொப்பையைக் குறை, பக்கத்தில் நிற்கும் மச்சானை வெட்டி எடுத்துவிடு. சொன்னதைச் செய்துகொடுத்துவிட்டுச் சதுர அடி கணக்கில் காசு வாங்குகிறோம். இதில் எனக்கு மனச்சங்கடம் ஒன்றும் இருந்ததில்லை. 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது வந்த ஒரு வேலைதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வந்தவரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். 2006, 2011 என்று இரண்டு தடவை கவுன்சிலராக ஜெயித்தவர். இந்த முறை கட்சியில் சீட் கிடைக்கவில்லை, கோபத்தில் சுயேச்சையாக இறங்கிவிட்டார். போனை நீட்டினார். வாட்ஸப்பில் வந்த ஒரு படம். பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் வெள்ளைக் குதிரை, காற்றில் பறக்கும் சிவப்பு மேலங்கி, மலையைக் காட்டும் கை. கீழே, 'முடியாது என்ற சொல்லே என் அகராதியில் இல்லை.' நம்மூரில் டியூஷன் சென்டர் சுவர், ஆட்டோவின் முதுகு, சுயமுன்னேற்றப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று எங்கும் பார்த்துச் சலித்த அதே வாக்கியம்.

"தம்பி, இந்தக் குதிரை மேல நான் இருக்கணும். இருபதுக்குப் பத்து. வேட்டி சட்டையோட."

"வேட்டி கட்டிக்கிட்டுக் குதிரையில உட்காரணும்னா மடிச்சுல்லண்ணே கட்டணும்?"

"மடிச்சே கட்டு."

குதிரை

வாட்ஸப் படத்தை இருபது அடிக்கு இழுத்தால் குதிரை முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். நல்ல ரெசல்யூஷன் தேடிப் போனேன். அப்படித்தான் ழாக்-லூயி டேவிட் வரைந்த 'ஆல்ப்ஸைக் கடக்கும் நெப்போலிய'னுக்குள் மாட்டிக்கொண்டேன். ஒன்று தேடினால் ஐந்து வந்தது. ஒன்றில் மேலங்கி மஞ்சள், ஒன்றில் சிவப்பு. ஒன்றில் குதிரை வெள்ளை, இன்னொன்றில் பழுப்பு. முதலில் என்னைப்போல யாரோ கலர் மாற்றி விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, டேவிடும் அவருடைய பட்டறையும் 1801லிருந்து 1805க்குள் ஐந்து பிரதிகள் செய்திருக்கிறார்கள். முதல் ஆர்டர் கொடுத்தவர் ஸ்பெயின் மன்னர். அதைப் பார்த்துவிட்டு நெப்போலியன் தனக்கும் வேண்டும் என்று கேட்டார். ஒரே டிசைன், கலர் மட்டும் மாற்றி அடுத்தடுத்த பார்ட்டிகளுக்கு. என் தொழில்தான்.

தொழில் ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. நெப்போலியன் படத்துக்கு உட்காரவே மறுத்துவிட்டார். சீறும் குதிரைமேல் அமைதியாக இருக்கிற மாதிரி வரை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். டேவிட் என்ன செய்வார்? போரில் போட்டிருந்த சீருடையை வாங்கித் தன் மகனுக்கு மாட்டிவிட்டு, அவனை ஏணியின் உச்சியில் உட்காரவைத்து வரைந்தார். ஆக அந்தக் குதிரைமேல் இருப்பது ஏணிமேல் இருந்த பையன், அவன் கழுத்துக்குமேல் வேறு தலை. இதைப் படித்தபோது கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

1800 மே மாதம் நெப்போலியன் ஆல்ப்ஸ் கணவாயை நிஜத்தில் கடந்தது கோவேறு கழுதையில், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வர. படை அவருக்கு முன்பே போய்விட்டிருந்தது. பீரங்கிகளைக் குடைந்த மரத்தடிகளுக்குள் வைத்துக் கட்டி, ஆட்கள் பனியில் இழுத்திருக்கிறார்கள். டேவிட் படத்திலும் குதிரையின் வயிற்றுக்குக் கீழே, மூலையில், எறும்பு மாதிரி சிலர் எதையோ தள்ளிக்கொண்டிருப்பார்கள். பெரிதாக்கிப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் அது படும். முன்னால் இருக்கிற பாறையில் மூன்று பெயர்கள் வெட்டியிருக்கும்: போனபார்ட், ஹனிபால், சார்லமேன். எனக்கு முன்னால் இந்த மலையைத் தாண்டியவர்கள் இவர்கள்தான் என்று கணக்குச் சொல்கிற பாறை. இந்த ஹனிபாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அண்ணனுடைய ஃப்ளெக்ஸில் பாறைப் பெயர்களை அழித்து வார்டு எண்ணைப் போட்டேன். ரீப்பர் சட்டத்தில் இழுத்து அடித்து மெயின் ரோட்டில் நிறுத்தினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் மூன்றாவதாக வந்தார்.

அந்த ஃப்ளெக்ஸை அடுத்த மாதம் பார்த்தேன். வார்டின் கடைசியில் ஓர் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது. தலைகீழாக விரித்திருந்ததால் குதிரையின் நான்கு குளம்பும் வானத்தைப் பார்த்தபடி இருந்தன. அண்ணனின் முகத்தில் யாரோ ஒரு செங்கல்லைப் பாரம் வைத்திருந்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்கத்தான். வேறு நோக்கம் எதுவும் தெரியவில்லை.

நாற்காலி

குதிரையைத் தேடியபோதே இன்னொரு படமும் கண்ணில் பட்டிருந்தது. அதே மனிதர், இந்த முறை நாற்காலியில். பால் டெலாரோஷ் வரைந்தது. 1814 மார்ச் 31, ஃபோந்தேன்ப்ளோ அரண்மனை. பாரிஸ் சரணடைந்துவிட்டது என்ற செய்தியை வழியிலேயே கேட்டுவிட்டு அதிகாலையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பூட்ஸ் முழுக்கச் சேறு. தொப்பி தரையில் கிடக்கிறது. சாம்பல் நிறக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கை நாற்காலியின் முதுகில் தொங்குகிறது. தொப்பை பிதுங்கியிருக்கிறது, முன்மயிர் மெலிந்து நெற்றியில் ஒட்டியிருக்கிறது. கண் மட்டும் நம்மைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு நிலைகுத்தல்.

நான் பத்து வருடமாக யாருக்கெல்லாம் எதையெல்லாம் அழித்துக்கொடுத்தேனோ, அதெல்லாம் அழியாமல் அந்தப் படத்தில் இருந்தது. சேறு, தொப்பை, வழுக்கை. ஒருவர் ஒரு பேரரசரை ரீடச் பண்ணாமல் விட்டிருக்கிறார். அதே டெலாரோஷ்தான் ஆல்ப்ஸ் காட்சியைக் கோவேறு கழுதையோடும் குளிரில் ஒடுங்கிய முகத்தோடும், டேவிடுக்கு ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்துத் திருத்தி வரைந்தார் என்று தெரிந்ததும் மரியாதை இன்னும் கூடியது. நாற்காலிப் படத்தைச் சிஸ்டத்தில் வால்பேப்பராக வைத்தேன். ஒவ்வொரு முறை விண்டோவை மினிமைஸ் செய்யும்போதும் அந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருப்பார். பாவமாக இருக்கும். வேலை முடிந்து ஷட்டரை இறக்கும் நேரத்தில் இன்னும் பாவமாக இருக்கும். குதிரை பொய், நாற்காலி நிஜம் என்று நண்பர்களிடம் பெரிய பேச்செல்லாம் பேசியிருக்கிறேன்.

அந்த 'அகராதி' வாக்கியத்தையும் இதே சூட்டில் தேடினேன். அதற்கு மூலமாகச் சொல்லத்தக்கது 1813 ஜூலையில் தளபதி லெமருவாவுக்கு அவர் எழுதிய கடிதம்: 'முடியாது என்று எழுதுகிறாய், அது பிரெஞ்சு வார்த்தை இல்லை.' 1813 ஜூலை என்றால் ரஷ்யாவில் படை அழிந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. லைப்சிக்கில் ஐரோப்பாவே சேர்ந்து அவரை அடித்து நொறுக்க மூன்று மாதம்தான் பாக்கி. நம் டியூஷன் சென்டர்கள் வெற்றியின் தாரக மந்திரமாகச் சுவரில் எழுதி வைத்திருப்பது, தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் தனக்குக் கீழே இருந்தவரை அதட்டிய கடிதத்தை. இதைச் சொன்னால் யாரும் பெயின்ட் அடிக்கப் போவதில்லை. விடுங்கள்.

நன்றி அறிவிப்பு

ரிசல்ட் வந்து பத்து நாள் இருக்கும். அண்ணன் கடைக்கு வந்தார். வாக்களித்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு ஃப்ளெக்ஸ், எட்டுக்கு ஆறு. தோற்றவர்கள் நன்றி ஃப்ளெக்ஸ் வைப்பது நம்மூரில் வழக்கம்தான். பிளாஸ்டிக் சேரை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி. டீ சொன்னேன், வேண்டாம் என்றார். எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. வால்பேப்பரில் ஒருவர், பக்கத்துச் சேரில் ஒருவர்.

பழைய ஃபோல்டரைத் திறந்து அவருடைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கை தூக்கியது வேண்டாம் என்றார். சிரித்தது வேண்டாம் என்றார். மாலையோடு இருந்தது வேண்டவே வேண்டாம். பிரச்சாரத்தின் கடைசி நாள் சாயங்காலம் யாரோ எடுத்த ஒன்றில் வியர்த்து, கண் சிவந்து, கும்பிட்டபடி இருந்தார். அதில் நிறுத்தச் சொன்னார். நெருங்கிவந்து பார்த்தார்.

"இதப் போடு. இதுல கொஞ்சம் சோகமா இருக்கு."

நான் போட்டேன்.

"கலரக் கொஞ்சம் கொறை. சட்டைக் கசங்கல் இருக்கட்டும், அத எடுத்துராத."

எடுக்கவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார். "பக்கத்துல நம்ம பசங்க நிக்கிறாங்க பாரு, அவங்கள எடுத்துரு. நான் மட்டும் இருந்தா போதும்."

இரவு பகல் பார்க்காமல் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்த பையன்கள் நான்கு பேர் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். ஒருவனை எனக்குத் தெரியும், காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவன். நான்கு பேரையும் வெட்டினேன். பின்புலத்தை மங்கலாக்கினேன். அண்ணன் தனியாக, கசங்கிய சட்டையோடு, உலகமே கைவிட்ட மாதிரி நின்றார். "இப்பதான் கரெக்டா இருக்கு" என்றார். விண்டோவை மினிமைஸ் செய்தேன். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். தனியாக.

யாரை வெட்டினார்கள்

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. அது தீட்டப்பட்டது சம்பவம் நடந்த 1814இல் இல்லை, 1840இல். அந்த வருட டிசம்பரில்தான் அவருடைய உடலை, அவர் நாடுகடத்தப்பட்டு இறந்துபோன செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கொண்டுவந்து பாரிஸில் ராஜ மரியாதையோடு வைத்தார்கள். செத்துப் பத்தொன்பது வருடம் கழித்து ஊரே அவரை மறுபடி காதலித்துக்கொண்டிருந்த நேரம். மாஸ்கோப் படையெடுப்பில் செத்தவர்களையும் ஸ்பெயினில் சுடப்பட்டவர்களையும் மறந்துவிட்டு, ஒற்றை மனிதனின் துக்கத்தைத் தூக்கிப்பிடிக்கத் தோதான நேரம். ஐந்து வருடம் கழித்து லைப்சிக்கைச் சேர்ந்த ஒரு பட்டு வியாபாரிக்காக இன்னொரு பிரதியும் ஆனது. அவரை அடித்து வீழ்த்திய ஊரின் மியூசியத்தில் இன்று அது தொங்குகிறது. எங்கள் கணக்கில் 6க்கு 4½ இருக்கும். மறுபடியும் அதே கதைதான்: ஒரு டிசைன், பல பார்ட்டி.

டெலாரோஷ் எந்த நிமிடத்தை எடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். மார்ச் 31க்கு அப்புறம் அந்த அரண்மனையில் இரண்டு வாரத்துக்குள் வேறு ஒன்றும் நடந்தது. ஏப்ரல் 12 இரவு நெப்போலியன் விஷம் குடித்தார். ரஷ்யப் போர்க் காலத்திலிருந்து கூடவே வைத்திருந்த பழைய விஷம், வீரியம் போய்விட்டிருந்தது. விக்கலும் வாந்தியுமாகப் புரண்டு பிழைத்துக்கொண்டார். அதற்கும் அப்புறம், எல்பா தீவுக்குப் போகிற வழியில், தெற்குப் பிரான்சில் ஆர்கோன் என்ற ஊரில் ஜனங்கள் அவருடைய உருவ பொம்மையைத் தொங்கவிட்டு வண்டியை மறித்தார்கள். தூதுவன் மாதிரி வேஷம் போட்டும், பிறகு ஆஸ்திரிய ராணுவ உடையை மாட்டிக்கொண்டும் தப்பிப் போனார். வீழ்ச்சி என்றால் இதுவும்தானே? வாந்தியும் மாறுவேஷமும். டெலாரோஷ் அதற்குக் கிட்டேயே போகவில்லை. சேறு போதும், கசங்கல் போதும் என்று அளந்து நிறுத்தியிருக்கிறார். 'கொஞ்சம்' சோகம். அண்ணன் சொன்ன அதே அளவு.

இதில் ஓவியர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. எல்பாவுக்குக் கிளம்பிய ஏப்ரல் 20ஆம் தேதி, 'பழைய காவல்படை' என்ற தன் மெய்க்காப்புப் படையை அரண்மனை முற்றத்தில் நிறுத்திவைத்து, தளபதியைக் கட்டித் தழுவி, கொடியை முத்தமிட்டு விடைபெற்றவர் நெப்போலியன்தான். ஓராஸ் வெர்னே பிற்பாடு அதைத் தீட்டினார், அச்சுப் பிரதிகள் வீடு வீடாகப் போயின. எல்பாவிலிருந்து திரும்பிவந்து, 1815இல் வாட்டர்லூவில் மறுபடி தோற்று, செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த ஐந்தரை வருடமும் கூட இருந்தவர்களை உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தார். லா காஸ் அங்கே எடுத்த குறிப்புகள் 1823இல் புத்தகமாக வந்து ஐரோப்பா முழுக்க ஓடியது. ஜெயித்தபோது ஓவியனுக்கு ஒரு மணி நேரம் உட்கார மறுத்தவர், தோற்றபிறகு வருஷக்கணக்கில் உட்கார்ந்து கொடுத்திருக்கிறார்.

தோற்கடித்தவர்களும் அதே அச்சில்தான் வார்த்தார்கள். 1880இல் ஆர்ச்சர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வரைந்த படம் லண்டனில் இருக்கிறது. சரணடைந்தவரை ஏற்றிப்போன பெல்லரோஃபன் என்ற பிரிட்டிஷ் கப்பலின் மேல்தளத்தில் நெப்போலியன், கடைசியாகக் கண்ணில் படும் பிரான்சைப் பார்த்தபடி. அவருக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றிடம், வெறும் பலகை. அந்தக் காலிப் பலகைதான் படமே. வாட்டர்லூவில் ஜெயித்த வெல்லிங்டனுக்கு இன்னொரு வேடிக்கை. கனோவா செதுக்கிய நெப்போலியன் சிலை, பதினோரு அடிக்கு மேல் நிர்வாணமாக நிற்கும் போர்த் தெய்வம், பிரிட்டிஷ் அரசு விலைக்கு வாங்கி வெல்லிங்டனுக்குக் கொடுக்க, அவர் வீட்டு மாடிப்படி அடியில் வந்து நின்றது. 1799இல் மதராஸிலிருந்து திப்புவை முடிக்கப் போன படையில் ஆர்தர் வெல்லஸ்லி என்ற பெயரில் இருந்தவர்தான் இந்த வெல்லிங்டன். 1805இல் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினாவில் ஒரு வீட்டில் தங்கினார். பத்து வருடம் கழித்து நெப்போலியனைத் தீவில் இறக்கியபோது முதலில் தங்கவைத்ததும் அதே வீட்டில்தான்.

மற்றவர்களை வெட்டாத படமே இல்லையா என்று கேட்டால், ஒன்று இருக்கிறது, பாதி. 1807இல் ரஷ்யர்களோடு பனியில் நடந்த ஐலாவ் போரின் களம், குரோ வரைந்தது. 17 அடிக்குக் கிட்டத்தட்ட 26 அடி, ஹோர்டிங் சைஸ். முன்வரிசை முழுக்கப் பனி மூடிய பிணங்கள், ஆள் உயரத்தைவிடப் பெரிதாக. ஆனால் அதற்கும் போட்டி வைத்து, எந்தக் காட்சி, எத்தனை அளவு என்று குறிப்பெல்லாம் கொடுத்தது அரசு. பிணங்களுக்கு மேலே வெளிர்குதிரையில் நெப்போலியன் ஆசீர்வதிப்பவர் மாதிரி கையை நீட்டியிருப்பார். செத்தவர்கள் இருக்கிறார்கள், அவருடைய இரக்கத்தைக் காட்ட.

1 மில்லிமீட்டர்

வீழ்ச்சியின் படம் என்று எனக்கு இன்று தோன்றுவது ஓவியமே இல்லை. சார்ல் ஜோசப் மினார் என்று ஓர் ஓய்வுபெற்ற பொறியாளர், பாலம் சாலை எல்லாம் பார்த்தவர், 1869 நவம்பரில், தன் 88ஆம் வயதில் வெளியிட்ட ஒரு தாள். 1812இல் ரஷ்யாவுக்குள் போன நெப்போலியன் படையை ஒரு பட்டையாகப் போட்டிருக்கிறார். போகும்போது இளம்பழுப்பு, திரும்பும்போது கறுப்பு. பட்டையின் அகலம்தான் கணக்கு: 10,000 பேருக்கு 1 மில்லிமீட்டர்.

என் தொழிலில் மில்லிமீட்டர் என்றால் எனக்கு விரலிலேயே தெரியும். ரஷ்ய எல்லையில் நீமன் ஆற்றைத் தாண்டும்போது 4,22,000 பேர். 42 மில்லிமீட்டர், என் மூன்று விரல் அகலம். மாஸ்கோ போய்ச் சேரும்போது 1,00,000. சுண்டு விரலைவிட ஒல்லி. திரும்பும் வழியில் பெரெசினா ஆற்றின் ஒரு கரையில் 50,000, மறுகரையில் 28,000. ஐந்து மில்லிமீட்டர் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது, ஒரு கோட்டைத் தாண்டுவதற்குள். அடியில் குளிர் எவ்வளவு என்று தனியாக ஒரு கோடு: டிசம்பர் 6, ரேயோமூர் என்ற பழைய வெப்பநிலைக் கணக்கில் சுழியத்துக்குக் கீழே 30. திரும்ப நீமனுக்கு வரும்போது 10,000. ஒரே ஒரு மில்லிமீட்டர். போனவர்கள் எல்லோரும் செத்துவிடவில்லை, ஓடிப்போனவர்களும் பிடிபட்டவர்களும் உண்டு. ஆனாலும் எங்கள் மெஷினில் இவ்வளவு மெல்லிய கோட்டை யாராவது கொண்டுவந்தால், 'இது பிரின்ட்ல நிக்காது, கொஞ்சம் தடிமன் ஆக்கட்டுமா' என்று கேட்பேன். மினார் ஆக்கவில்லை.

அதே தாளின் மேல்பாதியில் இன்னொரு பட்டை ஓடுகிறது. ஸ்பெயினிலிருந்து கிளம்பி, ஆல்ப்ஸைத் தாண்டி, இத்தாலியில் 26,000 பேராக இறங்கும் ஹனிபாலின் படை. டேவிட் பாறையில் பெருமைக்காக வெட்டிய அதே பெயர். மினாரிடம் பெயரைவிடப் பட்டைதான் பெரிது, அதுவும் மெலிந்துகொண்டே போகிறது. தாள் வெளியான அடுத்த வருடம் பிரஷ்யப் படை பாரிஸை நோக்கி வந்தபோது மினார் ஊரைவிட்டு போர்தோவுக்குப் போய், கொஞ்ச நாளில் அங்கேயே இறந்துபோனார். பிரான்சை அப்போது போருக்கு இழுத்துவிட்டிருந்த பேரரசர் மூன்றாம் நெப்போலியன், நம் நெப்போலியனின் தம்பி மகன்.

வினைல் ரோலில் மிச்சம் விழுந்த துண்டில் மினார் தாளை அதன் நிஜ அளவிலேயே அடித்து, என் சிஸ்டத்துக்கு மேலே ஒட்டினேன். வால்பேப்பரை எடுத்துவிட்டேன். போன ஆவணியில் அண்ணன் வந்தார், பேரனுக்குக் காதணி விழா, பத்துக்கு எட்டு. தாடி இல்லை, முகம் தெளிந்திருந்தது. சேரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, ஏதாச்சும் ஆறா?"

"நெப்போலியன் படம்ணே."

எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். பழுப்புப் பட்டையில் விரலை வைத்து மாஸ்கோ வரைக்கும் போய், கறுப்பில் திரும்பி வந்தார்.

"அவரக் காணோமே?"

கறுப்புப் பட்டை கிட்டத்தட்டக் கோடாகிற இடத்தில், ஸ்மோர்கோனி என்று பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். "இங்க வர்ற வரைக்கும் இருந்தாருண்ணே. டிசம்பர் 5 ராத்திரி, படைய விட்டுட்டு வண்டியேறிப் பாரிஸுக்குப் போயிட்டாரு."

அண்ணன் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வந்து உட்கார்ந்து, பேரன் படத்தோடு தன் படத்தையும் ஓரத்தில் போடச் சொன்னார். எந்தப் படம் என்று கேட்டேன்.

"சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருந்துச்சுல்ல, அது." நன்றி ஃப்ளெக்ஸுக்கு இருந்த பாக்கியைக் கேட்டேன். எல்லாம் சேர்த்து விசேஷம் முடிந்ததும் தருகிறேன் என்றார்.